பாக்-12 சிதறிய பிறகு: எந்தக் கல்லூரி எந்தக் கான்ஃபரன்ஸில் இருக்க வேண்டும்?

கோர்வாலிஸ் குமரன்

சீசன் முடிந்தால் இந்தப் பேச்சு எப்படியும் வரும். நானே தொடங்கி வைக்கிறேன்.

2026 ஜூலை 1 முதல் பாக்-12 மறுபடி ஓர் உருப்படியான கான்ஃபரன்ஸாக (தங்களுக்குள் ஆடி, டிவி உரிமையைக் கூட்டாக விற்கும் அமெரிக்கக் கல்லூரிகளின் கூட்டு) ஓடப்போகிறது. பழைய ஆட்கள் இரண்டே பேர்: எங்கள் ஒரிகன் ஸ்டேட், அப்புறம் வாஷிங்டன் ஸ்டேட். கூட வருபவர்கள் பாய்ஸி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்சஸ் ஸ்டேட். கன்சாகா ஃபுட்பால் (நான் சொல்வது அமெரிக்கன் ஃபுட்பால்) ஆடாது, கூடைப்பந்துக்காக வருகிறது. பெயர் மட்டும்தான் பழையது. யுஎஸ்சி இல்லை, யுசிஎல்ஏ இல்லை, ஸ்டான்ஃபர்ட் இல்லை. எங்களுக்கு 65 கிலோமீட்டர் தள்ளி யூஜீனில் இருக்கும் ஒரிகன்கூட இல்லை.

நடந்ததை மறந்தவர்களுக்கு: 2022 ஜூன் 30-ல் லாஸ் ஏஞ்சலஸின் யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பிக் டென் கான்ஃபரன்ஸுக்குப் போவதாக அறிவித்தன. அடுத்த வருடம் ஜூலைக் கடைசியில் கொலராடோ பிக் 12 கான்ஃபரன்ஸுக்குக் கிளம்பியது. மிச்சமிருந்த ஒன்பது கல்லூரிகளும் ஆகஸ்ட் 4 காலையில் ஆப்பிளின் டிவி ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் சொல்லிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பொழுது சாய்வதற்குள் ஒரிகனும் வாஷிங்டனும் பிக் டென், அரிசோனாவும் அரிசோனா ஸ்டேட்டும் யூட்டாவும் பிக் 12. செப்டம்பர் 1-ல் ஸ்டான்ஃபர்டும் பெர்க்லியும் ஏசிசி. அட்லாண்டிக் கடற்கரை கான்ஃபரன்ஸில் பசிபிக் கடற்கரைக் கல்லூரிகள்! 1915-ல் தொடங்கிய கான்ஃபரன்ஸ் ஒரு மாதத்தில் காலி. அதே செப்டம்பரில்தான் எங்கள் ஊர் கோர்வாலிஸில் ரீசர் ஸ்டேடியத்தின் மேற்குப் பக்கத்தை இடித்துக் கட்டிப் புதிதாகத் திறந்தார்கள். பளபளவென்று மைதானம் தயார், வந்து ஆடத்தான் ஆள் இல்லை. 2025 சீசனில் நாங்களும் வாஷிங்டன் ஸ்டேட்டும் ஒருவரோடு ஒருவர் இரண்டு முறை ஆடினோம். கோர்வாலிஸில் ஒன்று, அவர்கள் ஊரான புல்மனில் ஒன்று.

என் கட்சி இதுதான். ஃபுட்பாலை மட்டும் தனியே எடுத்து விடுங்கள். அதற்கு நாடு முழுக்க ஒரு லீக் வைத்துக்கொள்ளட்டும், டிவிக்காரர்கள் இஷ்டப்படி பிரிக்கட்டும். சாஃப்ட்பால், வாலிபால், டென்னிஸ், தடகளம், கூடைப்பந்து எல்லாம் பழையபடி பக்கத்து ஊர்களோடு. அப்படிச் செய்தால் யார் எங்கே என்ற கேள்விக்குப் பதில் தானாக வந்துவிடும். மேற்குக் கரைக் கல்லூரிகள் பத்தும் ஒன்றாக, நெப்ராஸ்காவும் ஓக்லஹோமாவும் கேன்சஸும் மிசௌரியும் ஒன்றாக, பிட்ஸ்பர்கும் மேற்கு வர்ஜீனியாவும் ஒன்றாக. யாருக்கு என்ன ஆட்சேபம்?

---

கணக்குப்பிள்ளை

ஆட்சேபம் எனக்கு உண்டு.

தம்பி, அந்த ஆகஸ்ட் 4-ல் யாரும் யாரையும் விரட்டவில்லை. பாக்-12 டிவி உரிமைக்கு, ஒரு கல்லூரிக்கு வருடம் 3 கோடி டாலர் என்று இஎஸ்பிஎன் ஒரு கட்டத்தில் தருவதாகச் சொன்னது, இவர்கள் 5 கோடி கேட்டார்கள் என்று அப்போதே செய்தி வந்தது. அதற்குள் பிக் 12 முந்திக்கொண்டு இஎஸ்பிஎன், ஃபாக்ஸ் இரண்டோடும் கையெழுத்துப் போட்டுவிட்டது: ஆறு வருடத்துக்கு 228 கோடி, கல்லூரிக்குச் சராசரி 3.17 கோடி. கடைசியில் பாக்-12 கையில் மிஞ்சியது ஆப்பிள். எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்களோ அதைப் பொறுத்துப் பணம். எந்த நிர்வாகி அதை நம்பி இருப்பார்?

இன்னொன்று. ஒரிகனும் வாஷிங்டனும் முழுப் பங்குக்குப் போகவில்லை. மற்ற பிக் டென் கல்லூரிகள் வாங்குவதில் ஏறக்குறைய பாதிக்குத்தான் சேர்ந்தன. பாதிப் பணமே இங்கே கிடைப்பதைவிட அதிகம் என்றால், இங்கே நிலைமை என்ன என்று யோசித்துப் பாருங்கள். மண்ணும் வரைபடமும் பேச நன்றாக இருக்கும். சம்பளம் கொடுக்க முடியாது.

---

புதுசா வந்தவன்

எல்லோருக்கும் வணக்கம். எம்எஸ் படிக்க வந்து முதல் வருடம். ஒன்று புரியவில்லை, கோபிக்காமல் சொல்லுங்கள். கல்லூரி அணிதானே, எந்தக் குழுவில் ஆடினால் என்ன? ஏன் ஆளாளுக்கு இவ்வளவு துடிக்கிறீர்கள்?

---

மெரூன் மாமா

வா தம்பி. இந்தக் கேள்விக்கு நான்தான் சரியான ஆள். 90களின் தொடக்கத்தில் டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் சேர்ந்தபோது எனக்கும் ஒன்றும் புரியாது. முதல் சனிக்கிழமை அறைத்தோழன் கைல் ஃபீல்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். மாணவர்கள் யாரும் உட்காரவில்லை. ஆட்டம் முடியும்வரை நின்றபடியே இருந்தார்கள். உட்காரலாமே என்று கேட்டேன். அவன் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

இந்தக் கதையை 1984-லிருந்து தொடங்க வேண்டும். அதுவரை எந்த அணி டிவியில் எத்தனை முறை வரலாம் என்பதைக் கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏதான் தீர்மானிக்கும். ஓக்லஹோமாவும் ஜார்ஜியாவும் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 7-2 என்ற தீர்ப்பில் என்சிஏஏவின் பிடி அறுந்தது. எதிர்த்து எழுதிய நீதிபதி பைரன் வைட், தன் காலத்தில் கொலராடோவின் பெரிய ஃபுட்பால் நட்சத்திரம். ஆட்டத்தை உள்ளிருந்து பார்த்தவர். அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து டிவி உரிமை கல்லூரிகள் கைக்கு வந்தது, கல்லூரிகள் கூட்டாக விற்க ஆரம்பித்தன. எந்தக் கூட்டில் இருக்கிறாய் என்பதுதான் உன் விலை.

எங்கள் பழைய சௌத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் அதில் முதலில் அடிபட்டது. டெக்சஸ் கல்லூரிகளோடு சேர்ந்து ஆடிய ஒரே வெளியூர் ஆர்கன்சா. அது 1990-ல் தென்கிழக்குக் கல்லூரிகளின் எஸ்இசி கான்ஃபரன்ஸுக்குப் போவதாகச் சொன்னது. அப்புறம் ஒரே மாநிலத்து எட்டுக் கல்லூரிகள், அதில் எஸ்எம்யூ 1987-ல் வாங்கிய தண்டனையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. டெக்சஸுக்கு வெளியே யார் பார்ப்பார்கள்? 1996-ல் கடையை மூடினார்கள். டெக்சஸ், ஏ அண்ட் எம், டெக்சஸ் டெக், பெய்லர் நான்கும் பிக் எய்ட் கான்ஃபரன்ஸோடு சேர்ந்து பிக் 12. ரைஸ், டிசியூ, எஸ்எம்யூ, ஹூஸ்டன் நான்கும் நடுத்தெருவில். பெய்லர் உள்ளே வந்தது அன்றைய ஆளுநரும் துணை ஆளுநரும் அங்கே படித்தவர்கள் என்பதால்தான் என்று இன்றும் டெக்சஸில் சொல்வார்கள். குமரன் தம்பி, உன் வலி புதிது இல்லை. ஹூஸ்டன்காரனைக் கேள். மறுபடி ஒரு பெரிய கான்ஃபரன்ஸுக்குள் நுழைய 2023 வரை காத்திருந்தான்.

2011-ல் டெக்சஸுக்கென்றே தனியாக ஒரு சேனல், லாங்ஹார்ன் நெட்வொர்க், 20 வருடம் 30 கோடி டாலர். எங்களுக்குப் பொறுக்கவில்லை, எஸ்இசிக்குப் போனோம். அந்த வருடம் தேங்க்ஸ்கிவிங் ராத்திரி கைல் ஃபீல்டில் கடைசி ஆட்டம். கடைசி உதையில் டெக்சஸ் 27-25. அதோடு பேச்சுவார்த்தை இல்லை. பதிமூன்று வருடம்! ஒரே மாநிலம், காரில் இரண்டு மணி நேரம், ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு கட்சி, ஆனால் ஆட்டம் கிடையாது. 2024 நவம்பர் 30-ல் மறுபடி மோதினோம், அதுவும் டெக்சஸ் எஸ்இசிக்கு வந்ததால்தான். 17-7 என்று தோற்றோம். தோற்றாலும் பரவாயில்லை, ஆட்டம் நடந்ததே என்று மைதானத்துக்கு வெளியே பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார். எனக்கு அந்த அளவுக்குப் பக்குவம் வரவில்லை. 2025-லும் அவர்களிடம் தோற்றோம், அதுவரை தோல்வியே இல்லாமல் வந்து.

ஆக, யாரோடு ஆடுகிறாய் என்பதில்தான் முழுச் சுவையும்.

---

டெம்பி தமிழ்

மாமா சொன்னது சரி. ஆனால் ஒரு சின்னத் திருத்தம்: புது இடத்திலும் சுவை வரும்.

அரிசோனா ஸ்டேட் பிக் 12-க்கு வந்த முதல் வருடம் எங்களைக் கடைசி இடத்தில் போட்டார்கள், 16-க்கு 16. நாங்கள் கான்ஃபரன்ஸையே ஜெயித்தோம். தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் ப்ளேஆஃபில் டெக்சஸை இரண்டு ஓவர்டைம்வரை இழுத்தோம். எங்கள் ஆட்டக்காரர் ஸ்காட்டபோ அன்று ஓடிய ஓட்டத்துக்குப் பிறகு எங்கள் ஊர் டெம்பியில் யாரும் ‘பழைய பாக்-12 எங்கே’ என்று கேட்பதில்லை. எங்களுக்கு பிக் 12 பொருந்திவிட்டது. டெக்சஸின் லபக், ஃபோர்ட் வொர்த் எல்லாம் பாலைவனத்து ஆட்களுக்கு ஒன்றும் தூரமில்லை.

---

கோர்வாலிஸ் குமரன்

தமிழ் ப்ரோ, நாற்காலி கிடைத்தவன் அப்படித்தான் பேசுவான் 😀

---

ப்ளூமிங்டன் மீனா

நான் இண்டியானா. எங்கள் கதை தெரியாதவர்கள் இருக்க மாட்டீர்கள், ஆனாலும் சொல்லிவிடுகிறேன், சொல்வதில் ஒரு சுகம். வருடக்கணக்காக ‘யாரை பிக் டென்னிலிருந்து வெளியே அனுப்பலாம்’ என்று யார் பட்டியல் போட்டாலும் முதல் பெயர் நாங்கள்தான். கல்லூரி ஃபுட்பால் வரலாற்றில் தோல்விக் கணக்கில் முன்னணியில் இருந்தவர்கள். கூடைப்பந்துக்காக எங்களை வைத்திருக்கிறார்கள் என்பார்கள். பயிற்சியாளராகச் சிக்னெட்டி வந்தார், முதல் வருடமே ப்ளேஆஃப். இரண்டாம் வருடம் 16-0, தேசிய சாம்பியன், மயாமியை அவர்கள் ஊர் மைதானத்திலேயே 27-21. ஃபுட்பால் பலத்தை வைத்து யார் எங்கே சேர்ந்தவர்கள் என்று தீர்ப்புச் சொல்பவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம்.

குமரன் சொல்வதில் ஃபுட்பாலை விடுங்கள், மற்ற விளையாட்டுகளைப் பற்றிச் சொன்னதை நான் முழுசாக ஒத்துக்கொள்கிறேன். என் அண்ணன் மகள் ஒரு பெரிய கான்ஃபரன்ஸ் கல்லூரியில் வாலிபால் ஆடுகிறாள். பெயர் வேண்டாம். ஃபுட்பால் பையன்களுக்குத் தனி விமானம், வெளியூர் ஆட்டம் சீசனுக்கு ஐந்தாறு. இவர்களுக்கு வாரத்துக்கு இரண்டு ஆட்டம், சாதாரண விமானம், இடையில் மாறி ஏறி இறங்கி. போன அக்டோபரில் வீடியோவில் கூப்பிட்டாள். ஏதோ ஒரு விமான நிலையத்தில் சார்ஜர் குத்த இடம் தேடி, கழிப்பறை வாசலில் தரையில் உட்கார்ந்து ஆர்கானிக் கெமிஸ்ட்ரி க்விஸ் எழுதிக்கொண்டிருந்தாள். முழங்காலில் ஐஸ் கட்டு. பின்னால் போர்டிங் அறிவிப்பு. ‘அத்தை, கேமராவை ஆஃப் பண்ணினால் க்விஸ் கேன்சல் ஆகிடும், அப்புறம் பேசுறேன்’ என்று வைத்துவிட்டாள்.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூ ஜெர்சியின் ரட்கர்ஸுக்கு 3,900 கிலோமீட்டர். ஸ்டான்ஃபர்டிலிருந்து பாஸ்டனுக்கு 4,300-க்கு மேல். பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஸ்டான்ஃபர்ட் ஆட்கள் 39 பதக்கம் வாங்கினார்கள். அந்தக் கல்லூரியின் பெருமையே இந்த மற்ற விளையாட்டுகள்தான். அவர்களைத்தான் இப்போது நாடு முழுக்க அலைக்கழிக்கிறோம், ஃபுட்பாலுக்காக.

---

கணக்குப்பிள்ளை

மீனா சகோதரி, அந்தப் பெண்ணின் கஷ்டத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அவளுடைய ஸ்காலர்ஷிப் எங்கிருந்து வருகிறது? ஃபுட்பால் டிவிப் பணத்திலிருந்து. பெரும்பாலான கல்லூரிகளில் ஃபுட்பாலும் ஆண்கள் கூடைப்பந்தும்தான் சம்பாதிக்கும். மற்றதெல்லாம் செலவு. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஹவுஸ் வழக்கு உடன்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு பெரிய கல்லூரியும் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாக 2025-26-ல் 2.05 கோடி டாலர்வரை கொடுக்கலாம் என்று ஆனது. அந்தப் பணத்தை எங்கே போய் எடுப்பது?

தூரம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் ‘பேராசை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். பிக் டென் 2007-ல் சொந்தச் சேனல் தொடங்கியது. ஒரு மாநிலத்தில் அவர்கள் கல்லூரி இருந்தால் அங்கே உள்ள கேபிள் நிறுவனம் சந்தாதாரர் ஒவ்வொருவரிடமும் மாதம் கூடுதலாக வசூலித்துக் கொடுக்கும். பார்க்கிறார்களா இல்லையா என்பது பேச்சே இல்லை. குழாயில் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் தண்ணீர் வரி கட்டுவது மாதிரி. 2014-ல் மேரிலாண்டும் ரட்கர்ஸும் உள்ளே வந்தது இப்படித்தான். வாஷிங்டன் டிசி வீடுகள், நியூ ஜெர்சி வீடுகள், அதை ஒட்டி நியூ யார்க். ரட்கர்ஸ் ஃபுட்பாலை யார் பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள், கேள்வி அதுவாக இருக்கவே இல்லை.

இப்போது கேபிளை வெட்டுகிறார்கள். வீட்டு எண்ணிக்கைக்கு மதிப்புப் போய், எத்தனை பேர் நிஜமாகப் பார்க்கிறார்கள் என்பதற்கு மதிப்பு. அதனால்தான் 2021-க்குப் பிறகு போனவையெல்லாம் பெரிய பெயர்கள்: டெக்சஸ், ஓக்லஹோமா, யுஎஸ்சி, ஒரிகன். கோர்வாலிஸிலும் புல்மனிலும் ஆள் குறைவு. உங்கள் கல்லூரி எந்தத் தப்பும் செய்யவில்லை, ஊர்தான் சிறியது.

---

கோர்வாலிஸ் குமரன்

ஊர் சிறியது என்பதைத் தப்பாக்கிவிட்டீர்களே அண்ணா, அதைத்தான் சொல்கிறேன்.

ஒரே குடும்பத்துக்குள் நடந்ததையும் பாருங்கள். யுசிஎல்ஏவும் பெர்க்லியும் ஒரே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இரண்டு வளாகங்கள், மேலே ஒரே ரீஜென்ட்ஸ் குழு. யுசிஎல்ஏ போனதால் பெர்க்லிக்கு நஷ்டம் என்று சொல்லி, யுசிஎல்ஏ வருடம் 1 கோடி டாலர் பெர்க்லிக்குக் கொடுக்க வேண்டும் என்று அந்தக் குழுவே விதித்தது. விவாகரத்து ஜீவனாம்சம் என்று ஆட்கள் கேலி செய்தார்கள். பெர்க்லியும் ஸ்டான்ஃபர்டும் ஏசிசியில் முதல் சில வருடம் ஏறக்குறைய முப்பது சதவீதப் பங்குக்கு ஒத்துக்கொண்டன. எஸ்எம்யூ இன்னும் ஒரு படி மேலே, ஒன்பது வருடம் டிவிப் பணமே வேண்டாம் என்று நுழைந்தது. டாலஸ் பணக்காரர்கள் கையிலிருந்து போட்டார்கள். முதல் வருடமே ஏசிசி இறுதி ஆட்டம், ப்ளேஆஃப். எஸ்எம்யூவுக்கு லாபம்தான். ஆனால் எங்களைப்போன்ற அரசுக் கல்லூரிக்கு அப்படி நன்கொடையாளர் எங்கே?

---

நாஷ்வில் நந்தினி

வாண்டர்பில்ட் பக்கத்திலிருந்து ஒரு குரல். ‘எஸ்இசியில் இவர்களுக்கு என்ன வேலை’ என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்த ஆள் நான்.

1932-ல் எஸ்இசி தொடங்கியபோது பதிமூன்று கல்லூரிகள். அதில் மூன்று இப்போது இல்லை. எங்கள் மாநிலத்து மலைமேல் இருக்கும் சிறிய கல்லூரி ஸுவானி, எஸ்இசியில் 37 ஆட்டம் ஆடி 37-லும் தோற்றது. 1940-ல் போதும் என்று விலகியது. ஆனால் அதே ஸுவானி 1899-ல் ரயில் ஏறிப் போய் ஆறு நாளில் ஐந்து ஆட்டம் ஆடியது. டெக்சஸ், டெக்சஸ் ஏ அண்ட் எம், டுலேன், எல்எஸ்யூ, மிசிசிப்பி. ஐந்திலும் வெற்றி, எதிரணிக்கு ஒரு புள்ளிகூட இல்லை. மெரூன் மாமா மன்னிக்கவும், உங்கள் ஆட்களும் அதில் உண்டு. தூரப் பயணம் இப்போது வந்த நோய் என்று சொல்பவர்களுக்காகவும் இதைச் சொல்கிறேன்.

இரண்டாவது ஜார்ஜியா டெக். ஆட்டக்காரர் ஸ்காலர்ஷிப் எண்ணிக்கை விதியில் மனஸ்தாபம். மற்ற கல்லூரிகள் தேவைக்கு மேல் பையன்களைச் சேர்த்துப் பிறகு கழற்றிவிடுகின்றன என்பது பயிற்சியாளர் பாபி டாடின் கோபம். 1964-ல் வெளியேறினார்கள். மூன்றாவது டுலேன், 1966. இன்று அட்லாண்டாவிலும் நியூ ஆர்லியன்ஸிலும் இருக்கும் கல்லூரிகளை எந்த டிவிக்காரன் வேண்டாம் என்பான்? கொள்கைக்காகவோ சலிப்பாலோ எழுந்து போனால் நாற்காலி காத்திருக்காது. வடக்கே ஷிகாகோ பல்கலைக்கழகமும் இதே கதை. சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையை முதன்முதலில் வாங்கிய பெர்வாங்கர் அங்கே படித்தவர். 1939-ல் ஃபுட்பாலையே நிறுத்தினார்கள், பிக் டென்னைவிட்டும் போனார்கள். அவர்கள் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை, அது வேறு விஷயம்.

வாண்டர்பில்ட் மட்டும் தோற்றுத் தோற்று உட்கார்ந்தே இருந்தது. 2024 அக்டோபர் 5-ல் முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40-35 என்று அடித்தோம். நான் அன்று மைதானத்தில் இல்லை, பிராட்வேயில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தெருவில் கத்தல் கேட்டு வெளியே வந்தால் மஞ்சள் கோல்போஸ்ட் நடந்து வருகிறது! ஒரு முப்பது நாற்பது பிள்ளைகள் தோளில். குறுக்குக் கம்பி போக்குவரத்து விளக்கில் இடிக்க, ‘சாய், சாய்’ என்று ஒருவன் வழிகாட்ட, கார்கள் ஹாரன் அடிக்க, நேராகக் கம்பர்லண்ட் ஆற்றுக்குக் கொண்டுபோய்த் தள்ளினார்கள். எஸ்இசி 1 லட்சம் டாலர் அபராதம் போட்டது. கல்லூரி அலட்டிக்கொள்ளவே இல்லை. 2025-ல் எங்கள் வரலாற்றில் முதல் முறையாகப் பத்து வெற்றி.

அதனால் குமரன், உங்கள் பட்டியலில் நான் சேர்ப்பது ஒன்றுதான்: பழைய உறுப்பினரைக் கழற்றிவிடாத கான்ஃபரன்ஸ்தான் நிற்கும். எஸ்இசியைவிட்டுப் போனவர்கள் தாங்களாகப் போனவர்கள்.

---

மலைநாடன்

மேற்கு வர்ஜீனியா. 2012-ல் எங்கள் பழைய கான்ஃபரன்ஸ் பிக் ஈஸ்ட் சரிந்தபோது பிக் 12-ல் விழுந்தோம். எங்களுக்கு மிக அருகிலிருந்த கான்ஃபரன்ஸ் கல்லூரி அயோவா ஸ்டேட், சுமார் 1,400 கிலோமீட்டர். பிட்ஸ்பர்க் 120 கிலோமீட்டர், ஆனால் அது ஏசிசி. பக்கத்து வீட்டுச் சண்டை 2011-லிருந்து 2022 வரை நின்றுபோனது. 2022 முதல் நான்கு வருடம் ஆடினோம், இப்போது மறுபடி இடைவெளி.

சின்சினாட்டி 2023-ல் வந்த பிறகு காரில் போகிற தூரத்தில் ஒரு ஆட்டமாவது இருக்கிறது. நாங்கள் ஏசிசி ஆட்கள். அவ்வளவுதான். யார் என்ன சொன்னாலும்.

---

கோர்வாலிஸ் குமரன்

‘ஃபுட்பாலைத் தனியே எடுப்பது நடக்காத காரியம்’ என்று கணக்குப்பிள்ளை அண்ணா தனிமடலிலும் திட்டினார். ஆனால் அது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.

கனெடிகட் பல்கலைக்கழகமான யூகான் 2020-ல் எல்லா விளையாட்டையும் பழைய பிக் ஈஸ்டுக்குக் கொண்டுபோனது, ஃபுட்பாலைத் தனியாக விட்டது. விளைவு? ஆண்கள் கூடைப்பந்தில் 2023, 2024 தேசிய சாம்பியன், பெண்கள் 2025. ஃபுட்பாலும் செத்துவிடவில்லை. நோட்டர் டேம் ஃபுட்பாலில் யாரோடும் இல்லை, மற்றதில் ஏசிசி, ஐஸ் ஹாக்கியில் மட்டும் பிக் டென்! ஜான்ஸ் ஹாப்கின்ஸ் லக்ராஸுக்கு மட்டும் பிக் டென்னில் இருக்கிறது. ஹாக்கிக்கும் லக்ராஸுக்கும் ஒரு கல்லூரியை வேறு கான்ஃபரன்ஸில் வைக்க முடியும் என்றால் சாஃப்ட்பாலுக்கு ஏன் முடியாது? பிக் டென் பணம் ஒரிகனுக்கு வந்துகொண்டே இருக்கட்டும், நான் கேட்பது அதை இல்லை. அவர்கள் சாஃப்ட்பால் அணி நியூ ஜெர்சிக்குப் போகாமல் கோர்வாலிஸுக்குப் பஸ்ஸில் வரட்டும். செலவும் மிச்சம்.

---

கணக்குப்பிள்ளை

திட்டவில்லை தம்பி, விளக்கினேன் 🙂

சாஃப்ட்பால், வாலிபால், டென்னிஸுக்கு ஒத்துக்கொள்கிறேன். அவற்றுக்கு டிவிப் பணம் சொற்பம், பயணச் செலவு அதிகம், கணக்குப்படியே உங்கள் யோசனை ஜெயிக்கிறது. கூடைப்பந்தை விட்டுவிடுங்கள். அது ஃபுட்பாலோடு சேர்த்துக் கட்டாக விற்கிற சரக்கு. பிக் 12 தன் விலையில் ஒரு பகுதியைக் கேன்சஸ், ஹூஸ்டன், அரிசோனா கூடைப்பந்தைக் காட்டித்தான் வாங்குகிறது.

ஆனால் உடனே எதுவும் நடக்காது. கட்டிப்போட்டிருப்பது ‘கிராண்ட் ஆஃப் ரைட்ஸ்’ பத்திரம். உன் மைதானத்தில் நடக்கும் ஆட்டத்தின் டிவி உரிமையை இன்ன வருடம்வரை கான்ஃபரன்ஸுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறாய். நீ போனாலும் உரிமை அங்கேயே இருக்கும். பாக்-12ல் அது 2024-ல் முடிந்தது, அதனால்தான் எல்லோரும் கைவீசிக்கொண்டு நடந்து போனார்கள். ஏசிசியில் 2036 வரை. ஃப்ளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் அதை உடைக்க வழக்குப் போட்டு, 2025 மார்ச்சில் சமரசம் ஆனது. அதன்படி வெளியேறும் கட்டணம் வருடா வருடம் குறைந்து 2030-31 வாக்கில் 7.5 கோடி டாலருக்கு வந்துவிடும், கட்டணத்தைக் கட்டினால் உரிமையும் கையோடு வரும். பிக் டென்னின் டிவி ஒப்பந்தம் 2030-ல் முடிகிறது, பிக் 12 உடையது 2031-ல். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்த களேபரம் எப்போது என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

---

புதுசா வந்தவன்

மாமா, இப்போது புரிகிறது. ஆனால் நோட்டர் டேம் மட்டும் எப்படி எங்கேயும் சேராமல் தப்பிக்கிறது?

---

மெரூன் மாமா

1991 முதல் என்பிசியோடு சொந்த ஒப்பந்தம் தம்பி. கூட்டுச் சேராமலே விற்க முடிகிறவனுக்குக் கூட்டு எதற்கு? 2020 கொரோனா வருடத்தில் மட்டும் ஏசிசியில் ஃபுட்பால் ஆடினார்கள், ஆட்டம் கிடைக்காமல் போய்விடும் என்று. 2025-ல் 10-2 என்று முடித்தும் ப்ளேஆஃபில் இடம் இல்லை, அவர்களை முதல் ஆட்டத்தில் தோற்கடித்த மயாமிக்குக் கிடைத்தது. கோபித்துக்கொண்டு, சீசன் கடைசியில் ஆடும் பௌல் ஆட்டமே வேண்டாம் என்றுவிட்டார்கள். ஏசிசியோடும் முகம் சுளிப்பு. என்னைக் கேட்டால் அவர்கள் இடம் பிக் டென், இண்டியானா மாநிலத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு வேறு எங்கே போவது?

---

ப்ளூமிங்டன் மீனா

நடுவில் இல்லை மாமா, வடக்கு ஓரம். சௌத் பெண்டிலிருந்து கொஞ்ச தூரம் போனால் மிஷிகன் வந்துவிடும். ஆனால் பிக் டென்னுக்கு வரட்டும், எங்களோடு வருடா வருடம் ஆடட்டும். இப்போது எங்களுக்குப் பயமில்லை.

---

மட்டுறுத்துநர்

நோட்டர் டேம் பற்றித் தனி இழை இருக்கிறது, 40 பக்கம் தாண்டி. அங்கே போங்கள், தயவுசெய்து.

---

மலைநாடன்

அந்த இழையிலும் நான் சொன்னேன், நாங்கள் ஏசிசி ஆட்கள் என்று.

---

கோர்வாலிஸ் குமரன்

சரி, கணக்குப்பிள்ளை அண்ணாவே சாஃப்ட்பாலை விட்டுக்கொடுத்துவிட்டார், இந்த இழைக்கு அது போதும். 2030-31 வாக்கில் மறுபடி பேரம் வரும்போது பிக் டென்னுக்குப் போன மேற்குக் கரை ஆட்கள் நாலு பேரும் குறைந்தபட்சம் மற்ற விளையாட்டுகளையாவது திருப்பிக் கொண்டுவரட்டும். புது பாக்-12 கதவைத் திறந்து வைத்திருக்கும். தமிழ் ப்ரோ, அரிசோனா ஸ்டேட்டுக்கும் சேர்த்துத்தான்.

---

டெம்பி தமிழ்

நன்றி ப்ரோ. டென்னிஸ் வேண்டுமானால் அனுப்புகிறோம். ஃபுட்பால் பையன்களைக் கேட்காதீர்கள்.